நான் நிமிர்த்திய நெளிவு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஐந்து பேரும் இன்று அவரவர் அடுப்பில் ஆக்கித் தின்கிறார்கள். பசி என்று எவரும் இன்னொருவர் வாசலில் போய் நின்றதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இனி சொல்லப்போவது அந்தப் பெருமையில் விழுந்த ஓட்டையைப் பற்றி. பாத்திரம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால்தானே எவ்வளவு ஒழுகியது என்று சொல்ல முடியும்.

எழுத்து எனக்கு வராது. இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் எண் நன்றாக வரும். வெர்னியர் என்று அளவு பார்க்கிற கருவி ஒன்று உண்டு. இரண்டு தாடையால் பொருளைக் கவ்விக்கொண்டு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துச் சொல்லும். லேத் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியும். பிசிறு எடுக்கிற பொம்பளைக்குத் தெரியுமா என்று ஷெட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நான் படித்துக் காட்டுவேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி, காலேஜில் படிக்கிறாள்.

நான் வேலை செய்த ஷெட் சாத்தாங்காட்டில், இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங். மெஷின் எந்த உலோகத்தை வெட்டினாலும் ஓரத்தில் முள் முள்ளாக நிற்கும். அதுதான் பிசிறு. அதை அரம் போட்டு எடுத்து, எமரித் தாளால் தேய்த்து, கையை வைத்து இழுத்தால் கிழிக்காதபடி செய்து தருவது என் வேலை. பதினைந்து வருஷம் செய்தேன். புருஷன் போன பிறகு நான் கேட்டு வாங்கிய வேலை அது. என் மேஜையிலிருந்து போன சரக்கு திரும்பி வந்தது என்று ஒருவர் சொல்ல முடியாது.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் பேசி வைத்ததில்லை, தானாக வந்தது. மில்லிங் ஓட்டுகிறவன் வெட்டும்போது சில சமயம் கட்டர் ஜாரி வழுக்கிவிடும். கோடு நேராகப் போக வேண்டிய இடத்தில் ஒரு நெளிவு விழும். முதலாளி பார்த்தால் கூலியில் பிடிப்பார். அதனால் அவன் அந்தத் துண்டின் மேல் ஒரு அழுக்குத் துணியைப் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். துணி போட்டு வந்தால் ஜாரியிருக்கிறது, சரி பண்ணு, பேசாதே என்று அர்த்தம். நான் அரம் போட்டு நெளிவைத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாதபடி நிமிர்த்தி விடுவேன். சாயங்காலம் எனக்கு ஒரு டீயும் பொறையும் வரும். அவ்வளவுதான். அவன் கொடுத்தான் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், நான் செய்தேன் என்று அவன் சொல்ல மாட்டான்.

இரண்டாயிரம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஷெட்டின் பின்மூலையை ஒருவர் வாடகைக்கு எடுத்தார். ஐம்பது வயது இருக்கும். ராயபுரத்தில் மாதா கோயில் பக்கம் வீடு, தகப்பனார் ரயில்வேயில் இருந்தவராம். பெரிய கம்பெனி ஒன்றில் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு மரப்பெட்டி கொண்டு வந்தார். உள்ளே வைக்கோலும் துணியுமாகச் சுற்றி வட்டக் கண்ணாடிகள். அன்றிலிருந்து ஷெட்டில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். நான் மட்டும் சாரு என்பேன்.

அவர் ஒரு எண்ணெய் டிரம்மை நிற்க வைத்து, அதன் மேல் ஒரு கண்ணாடியைப் பதித்து, அதன் மேல் இன்னொரு கண்ணாடியை வைத்து, நடுவில் ஒரு சாம்பல் நிறப் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடப்பார். நாள் முழுக்க நடை. ஒரு கண்ணாடி குழியும், ஒன்று புடைக்கும். மில்லிங்காரன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டான்.

"இன்னா சாரு, காலைலேர்ந்து செக்கு சுத்துறீங்கோ. எண்ணெ வந்துச்சா?"

"பிண்ணாக்குதான் வருது. உனக்கு வேணுமா?" என்பார் அவர், நடையை நிறுத்தாமல்.

ஒரு மத்தியானம் சோற்று நேரத்தில் நானே கேட்டேன். "முகம் பாக்குற கண்ணாடி யானைக்கவுனிப் பக்கம் போனா டசன் கணக்குல கெடைக்குமே சாரு. இதுக்கு ஏன் இம்மாம் பாடு?"

அவர் டிபன் மூடியைத் திறந்தபடியே சொன்னார். எண்ணூர்ப் பக்கம் ஒரு இரும்பு உருக்கும் பவுண்டரி. உலைக்குள்ளே சுவரில் எங்கே விரிசல் விடுகிறது, எந்த இடம் கூடுதலாகக் காய்கிறது என்று அவர்களுக்குத் தூர நின்று பார்க்க வேண்டும். கிட்டே போனால் ஆள் வெந்துவிடுவான். அதனால் தூரத்திலிருந்தே பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கிற குழாய் ஒன்று. ஜூம் என்கிறார்களே, அது.

"அது கேமராவுல கீதே சாரு."

"கேமராவுல லென்ஸ் இருக்கும்மா. லென்ஸ் வெளிச்சத்த வளைக்கும். கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்த ஒரு மாதிரி வளைக்கும், கண்ணுக்குத் தெரியாத சூட்டை வேற மாதிரி வளைக்கும். கண்ணுக்குத் தெளிவா இருந்தா சூட்டை அளக்கற கருவிக்குத் தெளிவா இருக்காது. கண்ணாடி அப்படி இல்ல. உங்க தெருவுல கேரம் ஆடுறாங்க இல்ல? வெள்ளைக் காய் அடிச்சாலும் கறுப்புக் காய் அடிச்சாலும் கட்டைல பட்டு ஒரே மாதிரிதான திரும்புது? கண்ணாடியும் அந்தக் கட்டை மாதிரி. எல்லாத்தையும் ஒரே மாதிரி திருப்பும். அதனால நான் லென்ஸை நகத்தப் போறதில்ல. கண்ணாடிய நகத்தப் போறேன்."

எனக்கு அது புரிந்தது. புரிந்தது என்பதில் எனக்கு ஒரு கர்வமும் வந்தது. மீதியைக் கேட்காமல் விட்டதற்கு அந்தக் கர்வம்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

குழாயின் வேலை இப்படி. பின்னால் குழிந்த பெரிய கண்ணாடி, நடுவில் ஓட்டை. அதற்கு முன்னால் புடைத்த சின்னக் கண்ணாடி. வெளிச்சம் பெரியதில் பட்டு, சின்னதுக்குப் போய், அங்கிருந்து திரும்பி, ஓட்டை வழியாகக் கண்ணுக்கு வரும். இரண்டு கண்ணாடியும் ஆளுக்கொரு வண்டியில் உட்கார்ந்திருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் ஆணி மாதிரி ஒரு பின் துருத்திக்கொண்டிருக்கும். வெளியே ஒரு பித்தளைக் குழாய், அதில் சாய்வாக இரண்டு காடி, நீளப் பள்ளம், வெட்டியிருக்கும். அந்தப் பின் காடிக்குள் ஓடும். பித்தளைக் குழாயைக் கையால் திருகினால் இரண்டு வண்டியும் நகரும், உருவம் பெரிதாகும். அந்த இரண்டு காடியையும் எந்தச் சாய்வில் வெட்டுவது என்பதுதான் அவருடைய மூன்று வருஷத்துக் கணக்கு. நோட்டு நோட்டாக வைத்திருந்தார். திருவொற்றியூரில் அப்போது தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. மணிக்கணக்காக அங்கே போய் உட்கார்ந்து அதே கணக்கை அதில் போட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

பித்தளைக் குழாயை எங்கள் மில்லிங்காரன்தான் வெட்டினான். ஒரு காடி ஒரே சாய்வு. மற்றதை அவர் கொடுத்த அட்டவணையை வைத்துக்கொண்டு, நூல் நூலாகத் திருப்பித் திருப்பிக் கையால் வெட்டினான். நான்கு நாள் ஆயிற்று. அப்படி வெட்டினால் காடியின் ஓரம் படிப்படியாக நிற்கும். அந்தப் படியைத் தேய்த்து வழவழவென்று ஆக்கித் தர வேண்டியது நான். வெட்டி முடித்த அன்று அவன் மனைவிக்குப் பிரசவ வலி என்று கல்மண்டபத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. குழாயை என் மேஜையில் வைத்துவிட்டு ஓடினான்.

மறுநாள் காலை நான் வந்து பார்த்தபோது குழாயின் மேல் துணி சுற்றியிருந்தது.

துணி சுற்றச் சொன்னவர் கண்ணாடிக்காரர். அவருடைய சாமான் எதிலும் தூசி படக்கூடாது, எல்லாவற்றையும் சுற்றித்தான் வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை. துணியைப் பார்த்தேன், பிரித்தேன், காடியை விரலால் தடவினேன். நடுவில் ஒரு நெளிவு. அரிசி மணி அளவு. ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்த காடி அந்த இடத்தில் நின்று, யோசித்து, கொஞ்சம் திரும்பிப் போனது. பிள்ளை பிறக்கிற அவசரத்தில் கட்டரை ஜாரவிட்டுப் போயிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். வட்ட அரத்தை எடுத்து இரண்டு பக்கமும் போட்டேன். அரைநாள் வேலை. முடிந்தபோது கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே வீச்சு. இப்படி ஒரு வேலை இந்த ஷெட்டில் யார் செய்வார்கள் என்று நினைத்தேன். குழாயைத் துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி, அவர் கையில் கொடுத்தேன்.

"ஸோக்கா வந்துக்கீது சாரு."

அவர் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கும்மா," என்றார். கண்ணாடிக்காரர் வாயால் அது பெரிய வார்த்தை.

எல்லாவற்றையும் பூட்டி, ஷெட் வாசலில் ஒரு ஸ்டாண்டில் வைத்து எண்ணூர்ப் புகைபோக்கியைப் பார்த்தார். திருகலின் ஒரு கோடியில் சின்னதாகத் தெளிவாகத் தெரிந்தது. மறு கோடியில் பெரிதாகத் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் திருகும்போது மட்டும் பால் கலந்த மாதிரி மங்கிப் போயிற்று. குழாயை மேலே தூக்கினால் ஒரு மாதிரி மங்கியது, கீழே சாய்த்தால் இன்னொரு மாதிரி. அவர் அதை இருபது தடவை செய்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பவுண்டரிக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கோடி முதல் கோடி வரை மங்காமல் இருந்தால் எடுத்துக்கொள்வோம், இல்லையென்றால் வெளிநாட்டுச் சாமான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம் என்பது அவர்கள் பேச்சு. கையில் ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரத்தில் மூன்றை அவர் நோட்டுக்குள் தொலைத்தார். கணக்கைத் திரும்பப் போட்டார். பழைய கணக்கே வந்தது. வேறு வழியில் போட்டார். அதுவும் அதையே சொன்னது. என் மேஜை வழியாக வந்த காடியை மட்டும் அவர் அளந்து பார்க்கவே இல்லை. கொண்டுவந்த சோற்றில் பாதி அப்படியே திரும்பிப் போகும். நான் மீன் குழம்பு கொண்டுபோனால் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு, கையில் வைத்துக்கொண்டே நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கச் சலிப்பாக வரும். இந்த மனுஷன் இந்தக் கணக்கை விட்டுத் தொலைக்க மாட்டாரா என்று இருக்கும்.

மில்லிங்காரன் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பினான். பெண் குழந்தை. எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்தான். குழாய் அன்று என் மேஜையில் இருந்தது, துடைப்பதற்காகக் கண்ணாடிக்காரர் கழற்றிக் கொடுத்திருந்தார். அவன் காடியைப் பார்த்தான். குழாயைத் திருப்பினான். மறுபடியும் பார்த்தான்.

"யக்கா, நடுவுல ஒரு நெளிவு வெச்சனே. எங்க அது?"

"ஜாரினத நிமுத்திட்டேன். துணி போட்டு வெச்சிருந்தியே."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஜாரல யக்கா. அந்த நெளிவுக்குத்தான் நாலு நாளு கையொடிய வெட்டினேன். அவரு தாள்ல அப்டித்தான் கீது. துணி தூசிக்கோசரம் சுத்தினது."

நான் குழாயை அவன் கையிலிருந்து வாங்கி, அந்த இடத்தை மறுபடி தடவினேன். 

"இத பாரு," என்றான் அவன். "நீ வாயத் தொறந்தா துணி சமாச்சாரம் அல்லாம் வெளிய வரும். எத்தினி வருசமா துணி போட்டுகினு கீறோம்னு மொதலாளி கேப்பாரு. எனுக்கு இப்பதான் புள்ள பொறந்துகீது. என்ன மாட்டி வுட்றாத யக்கா. அவரு படிச்சவரு, இன்னொரு கொயாய வெட்டச் சொல்வாரு, அப்ப ஒயுங்கா வெட்டித் தந்துட்லாம்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நான் பேசாமல் இருந்தது அவனுக்காக என்று இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்ல மாட்டேன். என் மேஜையிலிருந்து போன சரக்கு திரும்பி வந்ததில்லை. அந்த ஒரு நல்ல பேருக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடிக்காரர் எங்களிடம் வந்து சொன்னார். நடுவில் மட்டும் ஏன் மங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டாராம். சின்னக் கண்ணாடியின் புடைப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், கணக்கில் வேறு எந்த இடமும் மீதி இல்லை. சொல்லும்போது முகத்தில் வெகுநாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. சின்னக் கண்ணாடியின் மேலிருந்த வெள்ளிப் பூச்சைக் கழுவி எடுத்தார். டிரம்மின் மேல் பொடியைத் தூவினார். கண்ணாடியை வைத்தார். நடக்கத் தொடங்கினார்.

அந்தக் கரகர சத்தம் என் மேஜை வரைக்கும் வந்தது. நான் அரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஆறடி நடந்து இரண்டு வார்த்தை சொன்னால் சத்தம் நின்றுவிடும். இன்னும் ஒரு மணி நேரம் தேய்த்தால் என்ன ஆகிவிடும், சாயங்காலம் சொல்லலாம் என்று எனக்கு நானே சொன்னேன். உலோகத்தைத் தேய்த்தே பிழைத்தவள் நான். எடுத்தது திரும்ப ஒட்டாது என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். மில்லிங்காரன்கூட செக்கு என்று கேலி பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரம். வெயில் வாசலில் சாய்ந்திருந்தது. நான் குழாயை எடுத்துக்கொண்டு அவருடைய மூலைக்குப் போனேன். வெர்னியரின் சின்னத் தாடையைக் காடிக்குள் விட்டு விரித்து, அவர் முன்னால் நீட்டினேன்.

"இத படிங்க சாரு."

"ஆறு," என்றார்.

மறு கோடியில் வைத்தேன்.

"ஆறு."

நடுவில் வைத்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"ஆறு புள்ளி ஏழு," என்றார் மெதுவாக. "நடுவுல எப்படி இவ்வளவு அகலம்? பின்னு இதுல ஆடுமே."

"நான்தான் சாரு. அந்த நெளிவு கட்டர் ஜாரினதுன்னு நெனச்சி ரெண்டு பக்கமும் அரம் போட்டு நிமுத்திட்டேன். உங்க கைல மொத தபா குடுக்கறதுக்கு முன்னாடியே."

அவர் என்னிடம் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கேட்டது வேறு.

"அது ஜாரினது இல்லன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள். ஆனால் வாயில் அது வரவில்லை.

"செவ்வாக்கெழம."

அவர் டிரம்மைப் பார்த்தார். "புதன்கெழமதான் நான் கண்ணாடிய தேய்க்கப் போட்டேன்," என்றார்.

"தெரியும் சாரு. பாத்துகினுதான் இருந்தேன்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயடியில் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அப்போ என் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு," என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. தொலைந்துபோன ஒருத்தரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"கேட்டிருக்கலாமேம்மா. இது எதுக்கு இப்படி நெளிஞ்சிருக்குன்னு."

"கேட்டா தெரியாதவன்னு ஆயிடும் சாரு."

அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு காட்டினார். ஒரு கை பெரிய கண்ணாடி, ஒரு கை சின்னக் கண்ணாடி. பெரியது நேராக முன்னால் வந்துகொண்டே இருக்கும். சின்னது கூடவே கொஞ்ச தூரம் வரும், நடுவில் நிற்கும், பிறகு திரும்பிப் போகும். அப்படிப் போனால்தான் உருவம் விழுகிற இடம் அசையாமல் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி நடந்தால் உருவம் பெரிதாகும், ஆனால் தெளிவு ஓடிப்போகும்.

"நாங்க ரெண்டு பேரா டிரம்முத் தண்ணிய மாடிக்குத் தூக்கறாப்புல," என்றேன். "மேல போறவ போய்கினே இருப்பா. படி திரும்பற எடத்துல கீழ கீறவ ஒரு அடி பின்னால வெக்கணும். வெக்கலன்னா தண்ணி மூஞ்சில ஊத்தும்."

"அதேதான்," என்றார். "அந்த ஒரு அடிதான் அந்த நெளிவு."

மூன்று நாள் முன்னால் இந்தப் பேச்சு நடந்திருந்தால் சின்னக் கண்ணாடி முழுசாக இருந்திருக்கும். புதுக் குழாய் வெட்ட நான்கு நாள், அரம் போட ஒரு நாள், பவுண்டரிக்காரர்கள் வருவதற்குள் முடிந்திருக்கும். கண்ணாடி அப்படி இல்லை. முரட்டுப் பொடியில் மூன்று நாள் தேய்ந்த கண்ணாடியைப் பழைய புடைப்புக்குக் கொண்டுவந்து, பளபளப்பு ஏற்றி, பூச்சுக்கு அனுப்பி வாங்க இரண்டு மாதம் ஆகும். அவர் அதை விரல் விட்டு எண்ணிக்கூடக் காட்டவில்லை. எனக்கே தெரிந்தது.

மறுநாள் முதலாளி மூலைக்கு வந்தார். நான் என் மேஜையில் இருந்தேன். ஆறடி தூரம்.

"இன்னா சாரு, பவுண்டரி ஆளுங்க எப்ப வராங்க? ஷெட்டக் கூட்டிப் பெருக்கி வெக்கணும்."

"வரவேண்டாம்னு போன் பண்ணிட்டேன்," என்றார் கண்ணாடிக்காரர். "கணக்குல ஒரு இடத்துல எனக்குப் பிழை. தயாரா இல்ல."

என் கையில் அரம் இருந்தது. மில்லிங்காரன் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டான். கண்ணாடிக்காரர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எங்களைக் காப்பாற்றுகிறோம் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. முதலாளி, "இம்மாம் படிச்சும் கணக்கு ஒதைக்குதா," என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாய் திறக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் அவரிடம் உண்மை சொன்ன அதே வாய்தான்.

பவுண்டரிக்காரர்கள் வெளிநாட்டுச் சாமானை வாங்கிக்கொண்டார்கள். அவர் விடவில்லை. சின்னக் கண்ணாடியைத் திரும்பத் தேய்த்தார். மில்லிங்காரன் புதுக் குழாய் வெட்டினான். நான் அரம் போட்டேன். நெளிவு வரும் இடத்தில் என் கை தானாக அதை நிமிர்த்தப் பார்க்கும். பிடித்து நிறுத்தி, படியை மட்டும் எடுத்தேன். பொங்கல் கழிந்து எல்லாம் பூட்டி, வாசலில் ஸ்டாண்டில் வைத்து, முதலில் என்னைத்தான் பார்க்கச் சொன்னார். எண்ணூர்ப் புகைபோக்கி குச்சி மாதிரி இருந்தது. குழாயைத் திருகினேன். குச்சி தடியாயிற்று, தடி தூணாயிற்று, தூணில் சுற்றியிருந்த சிவப்புப் பட்டை வந்தது, இரும்பு ஏணி வந்தது, ஏணியில் துரு வந்தது. நெளிவு இருக்கும் இடத்தை என் விரல் உணர்ந்தது. கண் உணரவே இல்லை.

"நல்லாக் கீது சாரு," என்றேன். வேறு சொல்லத் தெரியவில்லை.

அதை வாங்க ஆள் வரவில்லை. ஒரு காலேஜில் காட்டினார், இன்னும் இரண்டு கம்பெனியில் காட்டினார். வெயில் காலம் வருவதற்குள் மூலையைக் காலி செய்துவிட்டார். இரண்டு மரப்பெட்டியும் ஒரு மீன்பாடி வண்டியில் போயின. "வர்றேம்மா," என்றார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ராயபுரம் பக்கம் போகும்போது தேடியிருக்கலாம். தேடவில்லை.

அதற்குப் பிறகும் எட்டு வருஷம் அந்த ஷெட்டில் இருந்தேன். மில்லிங்காரன் துணி போடுவதை விட்டுவிட்டான். நானும் கேட்கவில்லை. முதலாளி மட்டும் வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த மூலையைக் காட்டுவார். "இங்க ஒரு கண்ணாடிக்காரரு இருந்தாரு. தங்கமான மனுசன். கணக்குதான் ஒதைக்கும்." கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை நானும் சிரித்தேன்.

இந்த இடத்தில் பேத்தி பேனாவை நிறுத்தினாள். "ஆயா, நீ சிரிச்சத எழுதணுமா?" என்றாள். எழுது என்றேன்.

இப்போது முதலாளி இல்லை. ஷெட் இரும்புக் குடோன் ஆகிவிட்டது. மில்லிங்காரனுக்குப் பேரன் பிறந்த வீட்டில் அவனைப் பார்த்தபோது, இதைச் சொல்லி எழுதி வைக்கப் போகிறேன் என்றேன். "சொல்லு யக்கா, இனிமே யாரு கூலில புடிக்கப் போறான்," என்றான். அதனால் சொல்கிறேன். அவருடைய கணக்கில் பிழை இல்லை. மூன்று வருஷம் போட்ட கணக்கு ஒவ்வொரு எண்ணும் சரி. அரம் என்னுடையது. தெரிந்த பிறகும் மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததும் நான்தான்.

போதும். எனக்கு அலுத்துவிட்டது. கண்ணு, எங்க, மொதல்லேர்ந்து படி பாப்போம். மெதுவாப் படி. எனக்கோசரம் எங்கனா ஒரு வார்த்தைய நல்லவிதமா மாத்தி வெச்சிருந்தா, அங்க நிறுத்து.